மில் நின்றதும் வேகமெடுத்த பாட்டு

போன மாதம் என் தம்பி மகள் அந்தமான் பத்துபஸ்தியிலிருந்து சென்னைக்கு வந்து என்னோடு சில நாள் தங்கியிருந்தாள். ஒரு காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், அவள் போனிலிருந்து ஒரு பெண் குரல், கீச்சுக்கீச்சென்று, மூச்சு விடாமல், "மிளகாய வறுக்கும்போது ஜன்னலத் தெறந்து வையி, இல்லன்னா தும்மியே செத்துப்போவ" என்று ரசப்பொடிக்குப் பக்குவம் சொல்கிறது. "யாருட்டி இவ, ரயிலப் புடிக்கப் போறவ மாதிரி பேசுதா?" என்று கேட்டேன். "நீங்கதான் அத்தை. உங்க வாய்ஸ் மெசேஜ ஒன்றரை வேகத்துல போட்டுருக்கேன். நீங்க இழுத்து இழுத்துப் பேசுவீங்கல்லா, யாருக்கு நேரம் இருக்கு" என்கிறாள். கழுதை. சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் கையிலிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டேன். இந்தக் கீச்சுக் குரலை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதுவும் நான்தான். நான் இல்லை என்றும் சொல்லலாம்.

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. எனக்குக் கட்டைக் குரல். சளி பிடித்த குரல் இல்லை. காலி அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் வருமே, அது. பிறவியிலேயே அப்படி. போர்ட் பிளேர் பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் பாடுகிற வரிசையில் என்னையும் நிறுத்துவார்கள், உயரம் சரியாக இருந்ததால். பாட்டு டீச்சர் பக்கத்தில் வந்து, "கண்ணு, நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்" என்பார். நல்ல மனுஷிதான். அந்தக் காலத்தில் பெண் பாடினால் நூல் மாதிரி பாட வேண்டும். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" என்றால் எதிர்முனையில் "சார், ஹார்பர் ஆபீஸ் குடுங்க சார்" என்பார்கள். ஒருவரிடம் பொறுக்காமல் "நான் லேடி" என்று சொன்னேன். "ஸாரி சார்" என்றார்.

வீட்டில் என் குரலால் பிரயோசனம் அடைந்தவர் அப்பா ஒருவர்தான். ஐம்பதுகளில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, மர மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றே தலை நரைத்தவர். ரம்பத்தோடு வாழ்கிறவர்களுக்குக் காது ஒரு தினுசாகத்தான் மந்தமாகும். மெல்லிய சத்தம் முதலில் போகும், கனத்த சத்தம் மிஞ்சும். குருவி கத்துவது கேட்காது, லாரி வருவது கேட்கும். அம்மாவுக்கு மெல்லிய குரல். அவள் திட்டுவது அப்பாவுக்கு எட்டவே எட்டாது. அது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. அம்மா திட்டியதை நான் திருப்பித் திட்ட வேண்டும், வீட்டில் அதுதான் ஏற்பாடு. சட்டையெல்லாம் படாக் மரத்தூள் வாசனையோடு உட்கார்ந்து, "நீ சொல்லுட்டி, உன் பேச்சுத்தான் வெளங்குது" என்பார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமையாக இருக்கும்.

மரத்தூளுக்கு அடுத்தபடி அந்த ஊரின் வாசனை வெங்காயம். சிரிக்காதீர்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் வெங்காயம், உருளைக்கிழங்கு, கடிதம், பழைய பேப்பர், சில வீடுகளுக்கு மாப்பிள்ளை. கப்பல் தள்ளிப்போனால் சாம்பாரில் பூசணிக்காய் மட்டும் நீந்தும். வந்துவிட்டால் தெருத்தெருவாக வெங்காயம் வதங்கும் வாசனை. மூக்கை வைத்தே கப்பல் வந்த செய்தியைத் தெரிந்துகொள்ளலாம். எக்ஸ்சேஞ்சில் எனக்கு வரும் அழைப்பில் பாதி ஷிப்பிங் ஆபீசுக்குத்தான். கேள்வி ஒன்றே ஒன்று. "ஜஹாஜ் கப் ஆயேகா?" கப்பல் எப்போது வரும்? வங்காளி கேட்பார், தெலுங்கர் கேட்பார், மலையாளி கேட்பார், எல்லோரும் எங்கள் தீவு ஹிந்தியில். அந்தப் பக்கத்து ஆளுக்கும் தெரியாது. "ஆயேகா, ஆயேகா" என்பார். வரும், வரும். நாள் முழுக்கக் காதில் இதுவே ஓடினால் என்ன ஆகும்? லைன் சும்மா இருந்த ஒரு மத்தியானம் நானே முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

"ஜஹாஜ் கப் ஆயேகா? ஆயேகா, ஆயேகா!
வெங்காயம் வரும், கடுதாசி வரும்,
நீ வருவியா, மாட்டியா?"

பாதி ஹிந்தி, பாதி தமிழ், ரெண்டிலும் உருப்படி இல்லை. ஆனாலும் முணுமுணுக்க நன்றாக இருந்தது. இதைக் காதரிடம் பாடிக் காட்டினேன்.

காதர் என்னோடு படித்தவன். பஜாரில் அவன் வாப்பாவுக்குக் கடை. துணி, டார்ச் லைட், ரேடியோ, கயிறு, என்ன கேட்டாலும் உண்டு. எல்லோரும் என்னைத் தெரியாமல் "சார்" என்றால் இவன் தெரிந்தே "சார்" என்பான். கடையில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது, தட்டு மாதிரி ரெண்டு சக்கரம் சுற்றுமே, அது. வாப்பா அதை விற்பனைக்குத்தான் வாங்கி வைத்தார், ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. காதருக்கு அது உயிர். நான் பாடியதைக் கேட்டுவிட்டு, "சார், இத சும்மா விடக்கூடாது. ஐசக்கக் கூப்பிடுவோம்" என்றான்.

ஐசக் கார் நிக்கோபார்க்காரன். ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். சர்ச்சில் கற்ற கிட்டார், கடைக்குக் கம்பி வாங்க வந்து பழக்கம். பேச்சு குறைவு, என்னை "தீதி" என்பான், அக்கா என்று அர்த்தம். அவனுக்கு ஒரு பைத்தியம்: ஷார்ட்வேவ் ரேடியோ. எந்தெந்த நாட்டு நிலையமோ கடல் தாண்டி வரும். வரும்போதே அறுந்து போகும், மறுபடி வரும். அப்போதுதான் அங்கெல்லாம் புது மாதிரி ராக் பாட்டுகள் வர ஆரம்பித்திருந்தன. ஐசக் அதைக் கேட்டுக் கேட்டு வாசித்தான். சிக்னல் அறுந்து அறுந்து வந்ததால் பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, ரெண்டு வெட்டு, ஒரு சும்மா, ரெண்டு வெட்டு, ஒரு சும்மா என்று வாசித்தான். நாங்களும் வெளிநாட்டில் இப்படித்தான் போல என்று பயபக்தியோடு கேட்டோம். தாளத்துக்குக் கப்பல்துறை ஜெட்டியில் மூட்டை இறக்கும் நிமாய். கீர்த்தனையில் மிருதங்கம் மாதிரி கோல் என்றொரு மேளம் வாசிக்கிற வங்காளிப் பையன், எங்களுக்காகப் பிஸ்கட் டின்னைத் தட்டினான்.

கடைக்குப் பின்னால் கொப்பரை வாசனை அடிக்கும் சரக்கு அறைதான் எங்கள் ஸ்டூடியோ. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா கடையை அடைத்துவிட்டுத் தூங்குவார். அதுதான் எங்களுக்கு நேரம். ஊர் வாய்க்குப் பயந்து அறைக்கதவை அகலத் திறந்து வைத்திருப்போம். மர மில் முழுமூச்சாக ஓடுகிற நேரமும் அதுவே. அந்தப் பெரிய ரம்பங்கள் ஓடும்போது எங்கள் பக்கத்து பல்பெல்லாம் பழுத்த மஞ்சளாகிவிடும், மின்விசிறி இறக்கையை எண்ணிவிடலாம். பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி, யார் அதையெல்லாம் யோசித்தார்கள்? பாடினோம், காதர் பதிந்தான், உடனே போட்டுக் கேட்டோம்.

என் குரலை வெளியிலிருந்து நான் கேட்டது அன்றுதான் முதல். ஆபரேட்டர் வேலையில் ஊர்க்குரலெல்லாம் கேட்டவள், என் குரலைக் கேட்டதில்லை. அட, நான் இப்படியா இருக்கிறேன், பரவாயில்லையே என்று நினைத்தேன். கட்டைதான். ஆனால் நின்று பேசுகிற கட்டை. பாட்டுத்தான் சவசவவென்று இருந்தது. "எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கே" என்றான் காதர். ஐசக் கிட்டாரைத் துடைத்தான். எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

சாயங்காலம் ட்யூட்டி முடிந்து அந்த வழியாக வருகிறேன். மில் சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது, தெருவிளக்கு பளிச்சென்று எரிகிறது. கடைக்குள்ளிருந்து ஒரு பாட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. ஓடுகிற பாட்டு. கிட்டார் கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி வெட்டி வெட்டிப் போகிறது, டின் தடதடக்கிறது, அதன் மேலே மெல்லிசாக, கூர்மையாக, ஒரு பெண், "ஆயேகா, ஆயேகா!" உலகத்தில் எங்கேயோ இருந்து வந்த பாட்டு என்றுதான் நினைத்தேன். ஐசக் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான், கை ரெண்டையும் தலையில் வைத்துக்கொண்டு. நிமாய் மூட்டையை இறக்காமலே நிற்கிறான். வார்த்தை வர வர எனக்குப் புரிந்தது: வெங்காயம், கடுதாசி, என் பாட்டு. நாங்கள் செய்ததா இது? எங்களாலா? இன்றைக்கும் அந்த நிமிஷத்தை நினைத்தால் கண் கலங்குகிறது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

காதர் தலையைச் சொறிந்து சொறிந்து கடைசியில் கண்டுபிடித்தான். "நாம பாடுறப்ப கரண்டு சோந்து போயி டேப் மெதுவா ஓடியிருக்கு. இப்ப மில்லு நின்னு கரண்டு தெம்பா இருக்கு, டேப்பு ஒழுங்கா ஓடுது. அதனால நாம பறக்குறோம்." மறுநாள் மத்தியானம் மில் ஓடும்போது போட்டால் மறுபடியும் எழவு வீடு, என் கட்டைக் குரல். சங்கு ஊதியபின் போட்டால் பறக்கிற பாட்டு, நூல் குரல். ரெண்டும் ஒரே டேப்.

பறக்கிற பாட்டுத்தான் ஊருக்குப் போனது. காதர் கடை வாசலில் ஸ்பீக்கரைக் கட்டி, தினமும் சங்கு ஊதியதும் போட்டான். முதல் நாள் திட்டினார்கள். "என்னப்பா இது, வண்டி கொடசாஞ்ச மாதிரி ஒரு பாட்டு?" என்றார் எதிர்க்கடைக்காரர். திட்டியவர் மறுநாள் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜெட்டியில் கேள்வி கேட்டால் பதில் அந்த ராகத்தில் வந்தது. எக்ஸ்சேஞ்சில் என்னிடமே, "ஜஹாஜ் கப் ஆயேகா" என்று பாடிவிட்டு, "சார், அந்தப் பாட்டுல பாடுற பொண்ணு யாரு சார்?" என்று கேட்டார்கள். நான்தான் என்று சொல்ல வாயெடுப்பேன். இந்தக் கட்டைக் குரலிலா சொல்வது? "நம்பர் ப்ளீஸ்" என்றுவிடுவேன்.

அம்மா கேட்டதுதான் என்னைச் சாய்த்தது. கடை வாசலில் நின்று முழுப்பாட்டும் கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, இப்படி ஒரு குரல எங்க ஒளிச்சு வச்சிருந்த? இதுலல்லா பொம்பளப்புள்ள மாதிரி இருக்க" என்றாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு நானே சக்களத்தி ஆனது அந்த நிமிஷத்தில்தான். அப்பாவையும் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பி வைத்து, "கொசு கத்துத மாதிரி இருக்கு, எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்று வருத்தப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கடலோர மைதானத்து விழாவுக்குக் கூப்பிட்டார்கள், அந்தப் பெண்ணை மேடையில் பார்க்க வேண்டுமாம். காதர் நெளிந்துகொண்டே வந்தான். "சார், கோச்சுக்காத. டேப்ப ஓட விடுறேன். நீ மைக் முன்னாடி நின்னு வாய மட்டும் அசைச்சாப் போதும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "பள்ளிக்கூடத்துலதான் வாய அசைச்சேன், என் பாட்டுக்கே நான் வாய அசைக்கணுமா? அதுக்கு உன் கடை பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்து!" என்று கத்தினேன். கட்டைக் குரலில் கத்தினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார். அப்போது ஐசக் வாயைத் திறந்தான். "ரஃப்தார் ரக்கேங்கே. ஆவாஸ் தீதி கா." வேகத்தை வைத்துக்கொள்வோம், குரல் அக்காவுடையது. அவ்வளவுதான். கிட்டாரை எடுத்து, நாங்கள் முதலில் பாடிய அதே சுருதியில், ஆனால் டேப்பில் பறந்த அந்த வேகத்தில் வாசித்துக் காட்டினான். மெதுவான பாட்டும் இல்லை, கீச்சுப் பாட்டும் இல்லை. மூன்றாவதாக ஒன்று. எனக்குத்தான் நாக்கு புரளவில்லை. "வெங்காயம்" என்பது அந்த வேகத்தில் எத்தனை பெரிய வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது. டப்பா கழுவும்போதும் பாடினேன், அக்கரைக்குப் போகும் சாத்தம் படகில் நின்றும் பாடினேன். பயம் மட்டும் போகவில்லை. ஊர் அந்த நூலைக் கேட்க வருகிறது, நான் வடத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். சிரித்தார்கள் என்றால் அதற்குப் பிறகு நான் எங்கேயும் பாடப்போவதில்லை, அது எனக்குத் தெரியும்.

விழா அன்று சூரியன் விழுகிற நேரம். கடல் காற்று சேலையை இழுக்கிறது. முன்வரிசையில் மில்லாட்கள், சங்கு ஊதியதும் அப்படியே வந்தவர்கள், நடுவில் அப்பா. நான் மைக் முன்னால் போனதும் கைதட்டல். ஐசக் வெட்டினான், நிமாய் தட்டினான், நான் வாயைத் திறந்தேன். "ஜஹாஜ் கப்..."

கைதட்டல் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, அப்புறம் பத்து சிரிப்பு. "அரே, ஆபரேட்டர் சாப்!" என்று ஒருவன். "டேப் லகாவ், டேப் லகாவ்!" டேப்பைப் போடு என்று கத்துகிறார்கள். ஐசக் நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை, வாசித்துக்கொண்டே இருந்தான். சரி, போவதுதான் போகிறது, முழுதாகப் போகட்டும் என்று அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன்.

முன்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தது. அப்புறம் இன்னொரு தலை. அந்த டேப்பைத் தினமும் தாண்டிப் போனவர்கள் அவர்கள். கொசு கத்துவதாக மட்டுமே கேட்டவர்கள். ஊரெல்லாம் கொண்டாடிய பாட்டில் ஒரு வார்த்தைகூட அவர்கள் காதில் விழுந்ததில்லை. இப்போது விழுந்தது. வெங்காயம் என்றதும் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார், கேலி இல்லை, குழந்தை சிரிக்கிற சிரிப்பு. நான் "கப் ஆயேகா" என்றேன். முன்வரிசை மொத்தமும், மந்தக் காதுக்காரர்கள் பேசுகிற அந்தப் பெருங்குரலில், "ஆயேகா!" என்றது. மைதானமே அதிர்ந்தது. அடுத்த தடவை பின்வரிசையும் சேர்ந்துகொண்டது, சிரித்தவன் உள்பட. இருட்டுகிற கடலைப் பார்த்து ஊரே ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே பதிலைச் சொன்னது. நான் பாடுகிறேனா, அவர்கள் என்னைப் பாட வைக்கிறார்களா, தெரியவில்லை. அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

இறங்கி வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லா வார்த்தையும் கேட்டுதுட்டி" என்றார். திரும்பத் திரும்ப அதையே. "எல்லா வார்த்தையும் கேட்டுது." அம்மா என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். கூட்டத்தில் ஒரு கப்பல் அதிகாரி, சின்ன வயசு, ஐசக்கிடம் வந்து, "இது நியூ வேவ் ஆச்சே, எந்த ரெக்கார்டைக் கேட்டுக் கற்றீர்கள்?" என்று விசாரித்தார். அந்தப் புது மாதிரி ராக்குக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

நான் நேரே காதரைத் தேடிப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் டேப் ரெக்கார்டரை வைத்து, புது ஸ்பூல் மாட்டி, பொத்தான் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். "போடு, போடு, கேப்போம்" என்றேன். அவன் விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அமுக்கலியே" என்றான். "கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். மறந்துபோச்சு." அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வாழ்க்கையில் கிடைக்கவில்லை என்பது புரியப் பல வருஷம் ஆனது.

மறுபடி பாட வாய்க்கவில்லை. ஐசக்கை அவன் ஊரான கார் நிக்கோபாரில் வேலை கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் கல்யாணமாகி அதே வெங்காயக் கப்பலில் மெயின்லேண்டுக்கு வந்துவிட்டேன். பழைய டேப் தீவின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பசையாகிப் போனது. இப்போது நம்பர் கேட்க ஆபரேட்டர் இல்லை, கப்பல் எப்போது வரும் என்று கேட்கவும் ஆள் இல்லை, எல்லாம் விமானம். சுனாமிக்குப் பிறகு ஐசக்கைப் பற்றித் தகவல் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். நிமாய் செத்துப்போனான். காதரும், போன மழைக்காலத்தில். அப்பாவும் அம்மாவும், முன்வரிசை மில்லாட்களும், எப்போதோ. தம்பி அந்த விழாவின்போது பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தான். அந்த வேகமும் என் குரலும் ஒன்றாகச் சேர்ந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அங்கே இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் நான் ஒருத்திதான், நானோ பாடிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை.